கூரை மேய ஆள் வேணும்

ராசிங்காபுரத்தில் மரக்கட்டையை அடுக்கி வீடு கட்டினால் முதலில் பால் காய்ச்சிக் குடியேறுவது கரையான்தான். சொன்னால் என் அக்கா மகன் நம்ப மாட்டேன் என்கிறான். சென்னையில் வேலை பார்க்கிறான். 2023 ஜூனில் போடிக்கு மறுபடி ரயில் வந்ததிலிருந்து ஊருக்கு வருவது கூடியிருக்கிறது. வரும்போதெல்லாம் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டுவான். பனி விழுகிற காட்டில் தாடி வைத்த ஒருவர், தனி ஆளாக, கோடாலியும் ரம்பமுமாக ஒரு மரவீட்டை எழுப்புகிறார். பேச்சே கிடையாது. பக்கத்தில் ஒரு நாய் படுத்திருக்கிறது. இருபது நிமிஷத்தில் வீடு முடிந்து, புகைபோக்கியில் புகை வந்துவிடுகிறது.

"மாமா, மலையடிவாரத்துல நம்ம தோட்டம் சும்மாதான கெடக்கு. அதுல ஒண்ணு போடுவோம்."

"எங்க சும்மா கெடக்கு? மொச்சை போட்டுருக்கேன் மாப்ள."

"மொச்சைக்கு நடுவுல போடுவோம் மாமா."

அவனுக்கு வாயால் சொன்ன பதில் பத்தவில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். உங்களில் யாருக்காவது இதே ஆசை இருந்தால் உங்களுக்கும் ஆச்சு.

மரக்கட்டை வீடு அழகானதுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அது பிறந்த மண் வேறு. பின்லாந்து, சுவீடன் பக்கம் பைனும் ஸ்புரூஸும் நூல் பிடித்த மாதிரி வளரும். கோடாலியால் ஓர் ஆளே காடி வெட்டிக் கோக்கிற அளவுக்கு இளகின கட்டை. ஆணி இல்லாமலே மூலைக்கு மூலை பூட்டிக்கொள்ளும். 1638இல் அமெரிக்காவின் டெலவேர் ஆற்றங்கரையில் சுவீடன் குடியேற்றம் தொடங்கியபோது, போன சுவீடன்காரர்களும் பின்லாந்துக்காரர்களும் இந்த வேலையையும் கையோடு கொண்டுபோனார்கள். அங்கே அது ஏழைக் குடியானவன் வீடாக ஊன்றிப்போய், 1840 தேர்தலில் வில்லியம் ஹென்றி ஹாரிசன் மரக்குடிலையே தன் அடையாளமாக்கி ஓட்டுக் கேட்டு ஜனாதிபதி ஆனார். அவர் பிறந்தது வர்ஜீனியாவில் ஒரு பண்ணை மாளிகையில். குடிசையைக் காட்டி ஓட்டு வாங்குவது நம்ம ஆட்கள் கண்டுபிடிப்பு என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நம் நாட்டிலும் கட்டை வீடு உண்டு. இமாச்சலத்தில் தேவதாரு உத்தரமும் கல்லும் மாற்றி மாற்றி அடுக்கிக் கட்டுவார்கள், காத்-குனி என்று பெயர். நிலம் குலுங்கினால் சுவரும் கொஞ்சம் ஆடிக்கொடுத்து நிற்கும். அங்கே தேவதாரு இருக்கிறது. இங்கே என்ன இருக்கிறது? வேம்பு, புளி, வாகை, கருவேலம். எதுவும் பத்தடி நேராகப் போகாது. தென்னை போகும், ஆனால் முற்றாத கட்டை மண்ணில் பட்டால் உளுத்துவிடும். மலையில் ஏறி வெட்டலாம் என்றால் 1949இன் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம், அறிவிக்கப்பட்ட மலைப் பகுதிகளுக்கு 1955இன் மரங்கள் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம். சொந்தப் பட்டாவில் நிற்கிற மரத்துக்கே அனுமதி வாங்க வேண்டிவரும். மேட்டுக்கு அந்தப் பக்கம், கேரளத்து ஏலமலைக் குத்தகை நிலத்தில் கணக்கு இன்னும் வேடிக்கை. கீழே இருக்கிற ஏலச்செடி உங்களுது, அதுக்கு நிழல் கொடுக்கிற மரம் அரசாங்கத்துது.

ஆக, எங்கள் ஊரில் கையால் கட்டின வீடு என்றால் அது மண் வீடு.

எங்கள் அப்பத்தா வீட்டைச் சொல்கிறேன். ஒரே அறை, முன்னால் திண்ணை, பின்னால் கூரையை இறக்கி அடுப்படி. இந்த மாதிரி வீட்டை மாசி, பங்குனியில்தான் எழுப்புவார்கள். அறுப்பு முடிந்து ஆட்கள் கை ஓய்ந்திருக்கும், மழை வராது, கண்மாய் வற்றி மண் எடுக்கத் தோதாக இருக்கும். கண்மாய்க் கரம்பை மட்டும் போட்டால் காய்ந்ததும் பாளம் பாளமாக வெடிக்கும். செம்மண் மட்டும் போட்டால் பிடிக்காமல் உதிரும். ரெண்டையும் கலந்து, தண்ணீர் விட்டு, சில நாள் ஊறப்போட்டு, வரகு வைக்கோலைத் தூவி மிதிப்பார்கள். மிதிக்கிற ஆளின் கால்தான் அளவுகோல். "கால்ல ஒட்டாம வருதா, அப்ப சரி" என்பார் அப்பத்தா. எத்தனை சட்டி தண்ணீர் என்று கேட்டால் திட்டு விழும்.

மிதித்த மண்ணை உருண்டை பிடித்துக் கைமாற்றி வீசி, படை படையாக வைப்பார்கள். ஒரு படை முழங்கால் உயரம், அகலம் ஒன்றரை அடி. அது இறுகி, கட்டை விரலால் அமுக்கினால் குழி விழாத பதத்துக்கு வந்தால்தான் மேலே அடுத்த படை. அவசரப்பட்டு ஏற்றினால் கீழ்ப்படை வயிறு தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடும். அதனால் ஓர் ஆள் உயரச் சுவர் எழும்புவதற்குள் வாரக் கணக்கில் ஆகும். தினமும் வேலை இருக்காது. காலையில் ஒரு படை வைத்துவிட்டு வேறு சோலியைப் பார்க்கப் போவார்கள். வீடு கட்டுவது அப்போது தனி வேலை கிடையாது. மற்ற வேலைகளுக்கு நடுவில் நடக்கிற ஒன்று.

அடியில் மட்டும் முழம் உயரத்துக்குக் கல்கட்டு. மலையடிவாரம் என்பதால் கல்லுக்குப் பஞ்சமில்லை. தரை ஈரமும் கரையானும் அந்தக் கல்லோடு நிற்க வேண்டும் என்பது கணக்கு. கரையான் எல்லா நேரமும் கணக்கை மதிக்காது என்பது வேறு விஷயம்.

கூரைதான் எங்கள் பக்கத்து வீட்டின் புத்தி. இந்த ஊரின் தட்பவெப்பம் தெரியாமல் அது புரியாது. போடியிலிருந்து தேவாரம் போகிற பாதையில், மேற்கே மலையைச் சுவராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஊர் இது. ஆனி, ஆடியில் மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டும். எங்களுக்கு அந்த மழையின் காற்று மட்டும் வரும். மேட்டில் மேகம் இறங்குவது கண்ணுக்குத் தெரியும், தலையில் ஒரு சொட்டு விழாது. வீட்டுக்குள் தட்டில் மண் விழும். எங்கள் மழை ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கே இருந்து வரும். அப்போது மண்சுவரின் கால் நனையக் கூடாது. ஆக ஒரே கூரை மேற்குக் காற்றுக்கும் தாக்குப்பிடிக்க வேண்டும், கிழக்கு மழைக்கும் குடை பிடிக்க வேண்டும். அதற்காக எறவானத்தை நெஞ்சு உயரத்துக்கு இறக்கிவிடுவார்கள். காற்றுக்கு ஏறிப் பிடிக்க விளிம்பு கிடைக்காது, சாரல் சுவருக்கு எட்டாது. மேற்குப் பக்கம் ஜன்னல் வைக்க மாட்டார்கள். கூரைக்கு மேலே கயிற்றைப் போட்டு, ரெண்டு நுனியிலும் கல்லைக் கட்டித் தொங்கவிடுவார்கள். வீட்டுக்குள் போகிற எவரும் குனிந்துதான் போக வேண்டும். எங்கள் அப்பா நல்ல உயரம். தலையில் இடித்துக்கொள்ளாத நாள் இல்லை, அந்த வீட்டைப் பற்றிக் கேட்டால் அவர் முதலில் சொல்வது அதைத்தான்.

பனங்கையும் மூங்கிலும் கைமரம். குறுக்கே வரிச்சு. அதன் மேல் தென்னங்கீத்து, அல்லது கரும்புத் தோகை, அல்லது மலைச்சரிவில் அறுத்த புல். கீத்து ரெண்டு வருஷம் தாங்கினால் பெரிய விஷயம். உள்ளே விறகடுப்பு எரிகிற வீட்டில் கூடுதலாகத் தாங்கும், புகை ஏறின கூரையில் பூச்சி தங்காது. கியாஸ் அடுப்பு வந்த பிறகு கூரை சீக்கிரம் கெட்டுப்போகிறது என்று எங்கள் தெருவில் பெண்கள் குறைப்பட்டுக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது. அதற்காக யாரும் புகையடுப்புக்குத் திரும்பவில்லை. திரும்பியிருக்கவும் கூடாது. அந்தப் புகை ஏறினது கூரையில் மட்டும் இல்லை.

இந்த இடத்தில்தான் வீடியோக்காரரை எனக்குப் பிடிக்காமல் போகிறது. அவர் வீட்டைக் கட்டி முடிப்பதோடு படம் முடிந்துவிடுகிறது. கைவேலை வீட்டில் கட்டி முடிப்பது என்று ஒன்று கிடையாது. மழை நின்றதும் சுவரில் அரித்த இடத்துக்கு மண் பூச வேண்டும். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை சாணி மெழுக வேண்டும். எலி பறித்த வளையை அடைக்க வேண்டும். கரையான் புற்று ஏறுகிறதா என்று கல்கட்டைக் குனிந்து பார்க்க வேண்டும். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை கூரையைப் பிரித்து மேய வேண்டும்.

அந்தக் கூரை மேய்ச்சலை ஒரு வீட்டு ஆட்களால் செய்ய முடியாது. பழைய கூரையைக் காலையில் பிரித்தால் பொழுது சாய்வதற்குள் புதுசு ஏறியிருக்க வேண்டும். மேலே ரெண்டு பேர் உட்கார்ந்து கட்ட, கீழே இருந்து கீத்தை வாகாக வீச ரெண்டு பேர், உள்ளே இருந்து கோணூசியில் கயிற்றை வாங்கித் திரும்பக் குத்திக் கொடுக்க ஒருவர், கயிறு நனைத்துத் தர சிறுவர்கள். இந்த வாரம் உங்கள் வீட்டுக்கு நான் வந்தால் அடுத்த வாரம் என் வீட்டுக்கு நீங்கள். கூலி கிடையாது, சோறு உண்டு. கறிக்குழம்பு வைத்த வீட்டுக்கு ஆள் சீக்கிரம் வரும் என்பதும் உண்டு.

அந்த ஆட்கள் எங்கே போனார்கள்? மலைக்குப் போய்விட்டார்கள். போடி, தேவாரம், கம்பம் பக்கத்து ஊர்களிலிருந்து விடிவதற்கு முன்னால் ஜீப்புகள் கிளம்பி, போடிமெட்டும் கம்பம்மெட்டும் ஏறி, இடுக்கி மாவட்டத்து ஏலக்காடுகளுக்குப் போவதும், சாயங்காலம் இருட்டினதும் திரும்புவதும் இங்கே அன்றாடம். ஒரு ஜீப்புக்குள் எத்தனை பேர் என்பதை எண்ணாமல் இருப்பது நல்லது. காய் எடுப்பு ஆடி, ஆவணியில் ஆரம்பித்துத் தை, மாசி வரை ஓடும். அதற்கப்புறம் தண்ணீர் கட்டுவது, கவாத்து, களையெடுப்பு, மருந்தடிப்பு. மண் மிதிக்கிற மாசி பங்குனியில் முன்போல் யாருக்கும் கை ஓய்வதில்லை. 2019 ஆகஸ்டில் இடுக்கியிலுள்ள புத்தடி ஏலச் சந்தையில் ஏலக்காய் கிலோ 7000 ரூபாய் வரை போனது. அப்படிப்பட்ட காட்டில் ஒருநாள் வேலையை விட்டுவிட்டு, சோற்றுக்கு அண்ணன் வீட்டுக் கூரையில் ஏறி உட்கார யார் வருவார்கள்? வரச் சொல்ல எனக்கும் வாய் வராது. மண்வீடு எங்கள் ஊரில் சிமெண்டிடம் தோற்றது என்பார்கள். என் கணக்கில் அது ஜீப்பிடம் தோற்றது.

மலைக்கு மேலே வீட்டுக் கதை வேறு மாதிரி. குரங்கணிக்கு மேலே கொட்டகுடி ஊராட்சிக்குள்தான் முட்டம், முதுவாக்குடி, சென்ட்ரல், டாப் ஸ்டேஷன், கொழுக்குமலை எல்லாம் வருகின்றன. அங்குள்ள பழங்குடிகளான முதுவர்கள் மதுரையை விட்டு, பிள்ளைகளை முதுகில் கட்டிக்கொண்டு மலையேறியவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. அவர்களுடைய பழைய வீடு ஈத்தையால் ஆனது. ஈத்தை என்பது மூங்கிலுக்குத் தம்பி, சுவர் மெல்லிசு, வளைத்துப் பின்னலாம். கழியை ஊன்றி, ஈத்தையைப் பிளந்து தட்டி பின்னி, ரெண்டு பக்கமும் மண் அப்பி, மேலே ஈத்தை இலையோ புல்லோ வேய்வார்கள். கூரை செங்குத்தாக இறங்கும், அங்கே மழை வழிய வேண்டும். வீட்டுக்கு நடுவில் எந்நேரமும் கனல். கல்யாணம் ஆகாத பையன்கள் வீட்டில் படுக்க மாட்டார்கள். அவர்களுக்கென்று ஊர்ப் பொதுவில் சாவடி இருக்கும். வீடு சின்னதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும். எல்லாக் காரியத்தையும் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. எங்கள் ஊர் மண்வீட்டுக்கும் அப்படித்தான். தூக்கம் திண்ணையில், பேச்சு வேப்பமரத்தடியில், குளியல் கிணற்றில். அந்த அறை தானியத்துக்கும் மழைக்கும் பிரசவத்துக்கும்.

மூங்கிலோ ஈத்தையோ தேய்பிறையில் வெட்டுவது மலையிலும் கீழேயும் பழக்கம். வெட்டினதை ஓடைத் தண்ணீரில் ஊறப்போட்டால் உள்ளே இருக்கிற மாவுச்சத்து கரைந்து போகும், வண்டு துளைக்காது. நிலாவைப் பற்றி யாரும் வாதாடலாம், ஓடைத் தண்ணீரைப் பற்றி வாதாட ஒன்றுமில்லை.

கூரைக்கு அறுக்கிற அந்த மலைப்புல்லை நினைத்தால் 2018 மார்ச் 11 நினைவுக்கு வருவதைத் தடுக்க முடியவில்லை. குரங்கணி மலையில் காய்ந்து நின்ற புல்லில் தீ ஓடி, மலையேற வந்தவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். ஊர்க்காரர்கள் கூரைக்குப் புல் அறுத்துக்கொண்டே இருந்திருந்தால் அந்தத் தீ வந்திருக்காது என்று நான் சொல்ல வரவில்லை. கோடையில் மலைச்சரிவு எப்படித் தீப்பிடிக்கும் என்பது புல் அறுக்கப் போனவர்களுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

டாப் ஸ்டேஷன் பேர் வந்த கதை தெரியும்தானே? மூணாறிலிருந்து தேயிலைப் பெட்டியை 1902இல் முதலில் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாளத்திலும், 1908க்குப் பிறகு சின்ன ரயிலிலும் கொண்டுவந்து, அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறக்கி, போடிக்கு வண்டி கட்டினார்கள். 1924 வெள்ளம் ரயிலைத் தூக்கிக்கொண்டு போனது. காபிக்கும் தேயிலைக்கும் முதலில் காடு அழிக்க வந்த துரைமார்களும் புல்வேய்ந்த குடிசையில்தான் படுத்தார்கள். கொஞ்ச வருஷத்தில் அவர்கள் பங்களாவுக்குப் போக, கூலிகளுக்கு லயம் வந்தது. முதுகோடு முதுகு ஒட்டின வரிசை வீடு, ஆளுக்கொரு அறை. அதுவும் சின்ன வீடுதான். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி ராஜமலைப் பெட்டிமுடியில் மலை சரிந்து அப்படிப்பட்ட லயங்களை மூடியது. எழுபது பேர், பெரும்பாலும் கயத்தாறு பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள். சின்ன வீட்டில் எளிமையாக வாழ்வது பற்றி யாராவது கண் மின்னப் பேசினால் எனக்கு முதலில் கேட்கத் தோன்றுவது, அந்த வீடு நிற்கிற இடத்தை யார் தேர்ந்தெடுத்தது என்பதுதான்.

சின்ன வீட்டுக்காரர்கள் எல்லாரும் கும்பிடுகிற அமெரிக்க எழுத்தாளர் தோரோவின் கதையிலும் இந்த மாதிரி ஒரு கேள்வி இருக்கிறது. 1845இல் வால்டன் குளக்கரையில் பத்துக்குப் பதினைந்தடியில் அவர் கட்டிய மரவீட்டுக்கு ஆன செலவு 28 டாலர் 12½ சென்ட் என்பதை எல்லாரும் சொல்வார்கள். அதற்கான பலகை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்பவர் குறைவு. பக்கத்தில் ரயில் பாதை போட வந்த ஜேம்ஸ் காலின்ஸ் என்ற அயர்லாந்துக் கூலியின் குடிசையை 4 டாலர் 25 சென்ட்டுக்கு வாங்கிப் பிரித்தார். விடியற்காலையில் அந்தக் குடும்பம் தன் சாமானை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு வெளியேறியது. தோரோ இதை மறைக்கவில்லை, அவரே எழுதி வைத்திருக்கிறார். ரெண்டு வருஷம் கழித்து அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார். காலின்ஸ் குடும்பம் அடுத்து எந்தக் கூரையின் கீழ் போய்ப் படுத்தது என்று எனக்கு ஒரு நமைச்சல்.

இப்போது போடிமெட்டைத் தாண்டிச் சூரியநெல்லி, சின்னக்கானல் பக்கம் போனால் மரவீடு, மண்வீடு, ஏறுமாடம் என்று பலகை வைத்து ராத்திரிக்கு வாடகை விடுகிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, படுத்துப் பார்த்திருக்கிறேன். உள்ளே கான்கிரீட் தூண், மேலே மரத்தோல் ஒட்டு. அதே சின்னக்கானலில் 2000களின் தொடக்கத்தில் 301 ஆதிவாசிக் குடும்பங்களுக்கு யானை நடக்கிற காட்டில் நிலம் கொடுத்துக் குடியேற்றினார்கள். பெரும்பாலோர் காலி செய்துவிட்டுப் போனார்கள். மிச்சமிருந்தவர்களில் சிலர் யானைக்குப் பயந்து, கான்கிரீட் வீட்டின் மொட்டை மாடியில் குடிசை போட்டு ராத்திரி அதில் படுத்தார்கள். அரிசிக்காகச் சுவரை இடித்துவந்த அரிக்கொம்பன் யானையை 2023 ஏப்ரலில் அங்கே பிடித்துப் பெரியாறு காட்டில் விட, அது மே மாதம் கம்பம் தெருவில் வந்து நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். மலையடிவாரத் தோட்டத்தில் தனிவீடு வேண்டும் என்பவர்கள் கட்டுமானப் பொருளை யோசிக்கும்போது யானையையும் யோசிக்க வேண்டும். பழைய ஆட்கள் பரண் கட்டினது காட்சி பார்க்க இல்லை.

கான்கிரீட்டைத் திட்டுவது எளிது, ஆனால் நான் அந்தக் கட்சியில் இல்லை. கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் கொடுக்கிறார்கள். 2030க்குள் 8 லட்சம் குடிசைகளை மாற்றுவது என்பது 2024 அறிவிப்பு. அந்த வீடு வாங்கிய ஒரு சின்னாத்தாவிடம், பங்குனி வெயிலில் வீட்டுக்குள் இருக்க முடிகிறதா என்று கேட்டேன். "வெந்துபோகும்யா. ராத்திரி வெளியதான் படுக்கேன். ஆனா ஆடிக் காத்துக்கு முழிச்சு ஒக்காந்துருக்க வேண்டியதில்ல பாரு" என்றார். கூரை பறந்துவிடுமோ என்று ராத்திரி முழுக்க விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குத்தான் அது தெரியும். பாம்பு விழாது, தீப்பிடிக்காது, யாரையும் மேய வரச்சொல்லிக் கெஞ்ச வேண்டாம். வீட்டுக்கு முன்னால் ஒரு கீத்துப் பந்தல் போட்டிருக்கிறார். பகலெல்லாம் அங்கேதான். தெருவில் பாதி வீடு இன்று இப்படித்தான் இருக்கிறது.

மருமகன் கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் பேரை இழுத்தான். பேக்கர் திருவனந்தபுரத்துக்காரர் என்றே பலர் நினைக்கிறார்கள். இங்கிலாந்தில் பிறந்து, 1945இல் இந்தியா வந்து, இமயமலையில் பித்தோராகட்டில் பதினாறு வருஷம் இருந்து, 1963இல் மனைவி டாக்டர் எலிசபெத்தோடு வந்து இறங்கியது இடுக்கி மலையில் வாகமண்ணில். சில வருஷம் கழித்துத்தான் திருவனந்தபுரம். ஒரு வீட்டுக்கான பொருள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்ற காந்தியின் எண்ணத்தை அவர் கடைசிவரை சொல்லிவந்தார். காந்தியும் 1936இல் சேவாகிராமத்தில் குடிசை போடும்போது நூறு ரூபாய்க்கு மேல் ஆகக் கூடாது என்று நிபந்தனை வைத்தவர்.

சரி, ராசிங்காபுரத்தில் நின்று ஐந்து மைலுக்கு வட்டம் போட்டுப் பார்த்தோம். மண் இருக்கிறது. ஆனால் கண்மாயில் மண் எடுக்க இன்று தாலுகா ஆபீசில் அனுமதி வாங்க வேண்டும். கல் இருக்கிறது. தென்னை வேண்டிய மட்டும் இருக்கிறது. பழைய வீடுகளை இடித்த கைமரமும் சீமை ஓடும் குவிந்து கிடக்கிறது, ஓடு ஒன்றுக்குச் சில ரூபாய்தான். மூங்கில் கொஞ்சம். மண் மிதிக்கத் தெரிந்த கால் இருக்கிறதா என்று தேடினேன். எழுபது வயசுக்கு மேல் ரெண்டு மூன்று பேர். மிதிக்க மாட்டார்கள், உட்கார்ந்து சொல்லித் தருவார்கள். திருவண்ணாமலையில் தணல் என்ற பேரில் பிஜு பாஸ்கர் போன்றவர்கள் இந்த வேலையைக் கற்றுக்கொடுத்துவருகிறார்கள். ஆரோவில்லின் மண் கட்டிட நிறுவனத்தில், ஐந்து சதவீத சிமெண்டு சேர்த்து அழுத்தின மண்கல் செய்யக் கற்றுத் தருகிறார்கள். அங்கே கற்க வருகிறவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள், காசு கொடுத்து வருகிறவர்கள். கேலிக்காகச் சொல்லவில்லை. மிதிக்கிற கால் எங்காவது மிஞ்சினால் சரி.

உண்மையில் எங்கள் பக்கத்தில் கையகல வீட்டில் மனசார வாழ்கிறவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் மோட்டார் ரூமுக்குத்தான் போக வேண்டும். கிணற்று மோட்டாருக்குக் கட்டின பத்துக்குப் பத்து அறை. மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்துச் சுவிட்சு போட ராத்திரி காவல் படுக்க ஆரம்பித்து, அப்படியே அங்கே தங்கிவிட்ட பெரிசுகள் தோட்டத்துக்குத் தோட்டம் உண்டு. எங்கள் பெரியப்பா ஒருவர் இருக்கிறார். ஊருக்குள் மகன் கட்டின மாடி வீடு இருக்கிறது, போக மாட்டார். ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு சட்டி, ஒரு ரேடியோ, சுவரில் ஆணியடித்து ரெண்டு வேட்டி. வாசலில் கீத்துச் சாய்ப்பு இறக்கியிருக்கிறார், அதை அவரே மேய்கிறார், ஏணி தேவைப்படாத உயரம். மேற்குச் சுவரில் ஜன்னல் இருந்ததைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். தண்ணீர் தொட்டியில் குளியல். பகலில் அறைக்குள் அவரைப் பார்க்கவே முடியாது. எளிய வாழ்க்கை என்று அதற்கு ஒரு பேர் இருப்பது அவருக்குத் தெரியாது. "மோட்டாருக்குத் துணையா நான் இருக்கேன், எனக்குத் துணையா மோட்டார் இருக்கு" என்பார். கொசு மட்டும்தான் அவருக்குக் குறை.

மருமகனை அவரிடம் ரெண்டு ராத்திரி படுக்கச் சொன்னேன். முதல் ராத்திரியே பாம்புக்குப் பயந்து கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆனால் காலையில் எழுந்து மேற்கே மலையைப் பார்த்ததும் மறுபடியும் வீட்டுப் பேச்சு. விடுகிற மாதிரி இல்லை.

கடைசியில் பேசி முடித்தது இது. மொச்சையைத் தொடாமல், பழைய களத்து மேட்டில் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு ஓர் அறை. முழம் உயரத்துக்குப் பதிலாக இடுப்பு உயரம் கல்கட்டு. அதற்கு மேல் எலிப்பொறிக் கட்டில் செங்கல். பேக்கர் பரப்பின முறை. செங்கலைப் படுக்க வைக்காமல் நிறுத்திக் கட்டினால் சுவருக்குள் காற்றுப் பை விழும், வெக்கை குறையும், கால்வாசிச் செங்கலும் மிச்சம். எங்கள் கொத்தனார் முதலில் முறைத்தார், பிறகு ஒரு வரிசை கட்டிப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார். மேலே இடித்த வீட்டுக் கைமரமும் சீமை ஓடும். ஓட்டுக்குக் கீழே காற்று புகுந்து தூக்காமல் இருக்க மேற்கு விளிம்பில் ஓட்டைச் சாந்து வைத்துப் பூட்ட வேண்டும். உள்சுவருக்கு மட்டும் மண்பூச்சு, அதை அவனே கையால் பூசட்டும். வருஷா வருஷம் பொங்கலுக்கு வந்து அவனே திரும்பப் பூசட்டும். மூன்று பொங்கல் தவறாமல் வந்தான் என்றால் அப்புறம் வெளிச்சுவரையும் மண்ணில் வைப்பது பற்றிப் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

முன்னால் ஒரு சாய்ப்பு கட்டாயம் வேண்டும் என்கிறான், அதுவும் கீத்தில்தான் வேண்டுமாம். கீத்துக் கிடைக்கும், அதில் கஷ்டமில்லை. ஊறப்போட்டு நெருக்கமாகப் பின்னுகிற ஆள்தான் அருகிவிட்டது. எங்கள் தெருவில் ஓர் அக்கா பின்னுவார். அவரும் வாரத்தில் ஆறு நாள் மலைக்குப் போகிறவர். ஞாயிற்றுக்கிழமைதான் பின்ன உட்காருவார், கல்யாணப் பந்தலுக்கு வைகாசி வரை ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆடிக் காற்று முடிந்து, ஐப்பசி மழைக்கு முன்னால் நமக்கு வேண்டுமென்றால் இப்போதே போய் ஒரு தொகை கொடுத்துச் சொல்லி வைக்க வேண்டும். மேய அவர் வீட்டுக்காரரும் வருவார். இன்னும் ரெண்டு கை வேண்டும். ஒன்று நான், இன்னொன்றுக்கு மருமகன் லீவு போடுகிறானா என்று கேட்டிருக்கிறேன். கறிக்குழம்பு என் அக்கா வைக்கிறேன் என்றிருக்கிறாள்.